டிஷ்ஷிலிருந்து இணையத்துக்கு: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளில் நேரலை உதைபந்தாட்டம் பார்க்க முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பருவம் ஓகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிகிறது. அதில் போட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவியும் டிசம்பர் மாதம்தான் மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோரத்திலும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை விடாமல் கொட்டும் காலமும் ஆகும். வீட்டுக் கூரையில் உள்ள சிறிய டிஷ், செய்மதியிலிருந்து வாங்கும் கு-பாண்ட் என்ற உயர் அதிர்வெண் அலைகளைக் கனமழை உறிஞ்சிவிடுவதால், படம் முதலில் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு சிக்னல் இல்லை என்ற அறிவிப்போடு நின்றுபோவது இங்குள்ள ரசிகர்களுக்குப் பழகிப்போன துன்பம். மழை இல்லாத மாதங்களில் உப்புக்காற்று தன் வேலையைச் செய்கிறது. கல்லடி, காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற கடலோர ஊர்களில் கூரைக்கு ஏறி டிஷ்ஷின் தலையில் திருகியிருக்கும் கேபிள் நுனியைக் கழற்றிப் பார்த்தால், செம்புக் கம்பி பச்சை பூத்து, திருகாணி துருவோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

இந்தக் காரணங்களால் பலர் டிஷ்ஷையும் கேபிளையும் விட்டுவிட்டு இணையவழி நேரலைக்கு மாற விரும்புகிறார்கள். மாறலாம், ஆனால் எல்லா வீட்டுக்கும் அது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். பலர் முதலில் ஒரு பெட்டியை வாங்கிவிட்டுப் பிறகு செயலியைத் தேடுகிறார்கள். தமது வீட்டு இணைப்பு போட்டி நேரத்தில் தாங்காது என்பதைக் கடைசியில்தான் அறிகிறார்கள். சரியான வரிசை இதற்கு நேர்மாறானது. உரிமம், நேரமும் டேட்டாவும், இணைப்பு, கருவி, கட்டணம் என்று ஒவ்வொன்றாக உறுதிசெய்துவிட்டு, எல்லாவற்றுக்கும் இறுதியாகவே பழைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

முதலாம் படி: எந்தப் போட்டியை யார் காட்டுகிறார்கள்?

உங்களுக்கு வேண்டிய தொடர்களை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பிரீமியர் லீக் மட்டும் போதுமா, சம்பியன்ஸ் லீக்கும் வேண்டுமா, ஸ்பானிய லா லிகாவும் சேருமா, உலகக் கிண்ணம் வரும்போது மட்டும் பார்ப்பீர்களா என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமையும். இவற்றை ஒரே நிறுவனம் காட்டுவதில்லை. ஒவ்வொரு தொடரின் ஒளிபரப்பு உரிமமும் நாடுவாரியாக, பெரும்பாலும் சில பருவங்களுக்கு ஒருமுறை, தனித்தனியாக விற்கப்படுகிறது. தெற்காசிய நாடுகளைப் பல சமயங்களில் ஒரே தொகுதியாக விற்பதால்தான் இந்தியாவின் ஸ்டார், சோனி விளையாட்டு அலைவரிசைகள் நமது டிஷ்ஷிலும் வருகின்றன.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஓர் அலைவரிசை இலங்கையில் தெரிகிறது என்பதால், அதே நிறுவனத்தின் செயலியும் இலங்கையில் வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. செயலி உங்கள் இணைய முகவரியைக் கொண்டு நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதை அறிந்து, உரிமம் இல்லாத நாட்டில் படத்தை மறைத்துவிடும். சென்னையில் இருக்கும் உறவினர் அந்தச் செயலியில் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறார் என்பது கல்முனையில் இருக்கும் உங்களுக்கு ஒரு சான்றாகாது.

ஆகவே உரிமம் பற்றி நண்பர்களிடம் கேட்பதைவிட மூலத்திலேயே பாருங்கள். பிரீமியர் லீக்கின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலும், சம்பியன்ஸ் லீக்கை நடத்தும் யுவெஃபாவின் தளத்திலும், எந்த நாட்டில் எந்த நிறுவனம் ஒளிபரப்புகிறது என்ற பட்டியல் உண்டு. அதில் இலங்கை என்ற வரியைத் தேடி, அங்கே எழுதியிருக்கும் பெயரைக் குறித்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் செயலியை உங்கள் கைத்தொலைபேசியில் இலங்கைக் கணக்குடனேயே பதிவிறக்க முடிகிறதா என்று பாருங்கள். உரிமங்கள் கைமாறுவதால், ஒவ்வொரு ஓகஸ்டிலும் இந்தச் சோதனையை மறுபடி செய்வது நல்லது. இலங்கை நிறுவனங்கள் வைத்திருக்கும் வழிகளையும் மறக்க வேண்டாம். டயலொக்கின் வியு செயலியும் எஸ்எல்ரீ-மொபிட்டெல்லின் பியோ டீவி கோ செயலியும் அலைவரிசைகளை இணையவழியாகத் தருகின்றன. உங்களுக்கு வேண்டிய விளையாட்டு அலைவரிசை எந்தப் பொதியில் வருகிறது என்பதை அவற்றிலேயே பார்க்கலாம். உள்ளூர்ப் பாடசாலைப் போட்டிகளையும் தேசிய மட்டப் போட்டிகளையும் விரும்புவோருக்கு த பப்பரே தளத்தின் நேரலைகளும், பீஃபா 2022இல் தொடங்கிய பீஃபா பிளஸ் என்ற இலவசச் சேவையும் உண்டு.

வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் கணக்கை வாங்கிப் பார்ப்பது பற்றி ஒரு சொல். லண்டனில் இருக்கும் மாமா தனது கடவுச்சொல்லைத் தந்தாலும், நாட்டைப் பார்த்துப் பூட்டும் செயலி இங்கே திறக்காது. விபிஎன் போட்டு நாட்டை மாற்றிக் காட்டுவது அநேகமான சேவைகளின் விதிகளை மீறுவதாகும்; கணக்கே முடக்கப்படலாம். இதில் இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை உதைபந்தாட்டத்தை நேரடியாகக் காட்டுவதற்குத் தடை இருப்பதால், பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் போட்டிகளை அந்த மாமாவே தன் வீட்டில் நேரலையாகப் பார்க்க முடியாது. ஒரு பருவத்தின் 380 போட்டிகளில் சுமார் 270 மட்டுமே அங்கே நேரலையாக வருகின்றன. அந்தத் தடை இலங்கைக்கு இல்லை. அந்த வகையில் ஆட்டம் நடக்கும் நாட்டில் இருப்பவரைவிட நமக்கே வாய்ப்பு அதிகம்.

இரண்டாம் படி: நேரத்தையும் டேட்டாவையும் கணக்கிடுங்கள்

நேரத்தை அறியாமல் டேட்டாப் பொதியைத் தேர்ந்தெடுக்க முடியாது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை இங்கிலாந்து நேரத்துக்கும் நமது நேரத்துக்கும் இடையே நான்கரை மணி வித்தியாசம். மற்ற மாதங்களில் ஐந்தரை மணி. அதன்படி சனிக்கிழமை அங்கே 12.30க்குத் தொடங்கும் போட்டி இங்கே மாலை 5 மணிக்கோ 6 மணிக்கோ வரும். பிற்பகல் 3 மணிப் போட்டிகள் இங்கே இரவு 7.30 அல்லது 8.30, மாலை 5.30 போட்டி இரவு 10 அல்லது 11. சம்பியன்ஸ் லீக்கின் முக்கிய போட்டிகள் நள்ளிரவு தாண்டி 12.30க்கோ 1.30க்கோ தொடங்கும். அமெரிக்காவில் நடக்கும் உலகக் கிண்ணப் போட்டி நியூயோர்க் நேரப்படி கோடைகாலப் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கினால், இங்கே நள்ளிரவு 12.30 ஆகியிருக்கும்.

இந்த மணிகளுக்குப் பின்னால் பணம் இருக்கிறது. இலங்கையின் பல வீட்டு இணையப் பொதிகளில் டேட்டா இரண்டாகப் பிரிந்திருக்கும்: எந்நேரமும் பயன்படுத்தக்கூடிய பகுதி ஒன்று, நள்ளிரவுக்குப் பின் காலை வரை மட்டும் பயன்படும் இரவுப் பகுதி இன்னொன்று. அநேக வீடுகளில் இந்த இரவுப் பகுதி மாத முடிவில் தொடப்படாமலே வீணாகிறது. சம்பியன்ஸ் லீக் இரசிகருக்கு அது பெரும் கொடை; நள்ளிரவுப் போட்டிகளை முழுக்க முழுக்க அந்தப் பகுதியிலிருந்தே பார்த்துவிடலாம். பிரீமியர் லீக் இரசிகரின் நிலை வேறு. அவருடைய போட்டிகள் பெரும்பாலும் மாலையிலும் முன்னிரவிலும் வருவதால், எந்நேரப் பகுதியிலேயே கை வைக்க வேண்டும். பொதி வாங்குமுன் இரவுப் பகுதி சரியாக எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

டேட்டா எவ்வளவு கழியும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் படம் மணிக்கு 0.45 ஜீபி எடுக்கும். படத்தின் தெளிவைக் காட்டும் எண்களில் 720 தரத்துக்கு ஏறத்தாழ 3 மெகாபிட், அதைவிடத் தெளிவான 1080 தரத்துக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு மணி நேரம் நீளும் ஒரு போட்டிக்கு முறையே 2.7 ஜீபியும் 4.5 ஜீபியும் தேவை. ஒரே அணியைப் பின்தொடர்பவர் பருவம் முழுவதும் 38 லீக் போட்டிகளையும் 1080 தரத்தில் பார்த்தால் 171 ஜீபி ஆகும். பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 17 ஜீபி அளவில் வரும். இது தாங்கக்கூடிய அளவு. வார இறுதியில் ஐந்து போட்டிகள் பார்ப்பவருக்கோ வாரத்துக்கு 22.5 ஜீபி, மாதத்துக்கு 90 ஜீபியைத் தாண்டும். உங்களை நீங்கள் எந்த வகையில் சேர்ப்பீர்கள் என்று நேர்மையாகப் பாருங்கள்.

யூடியூப், பேஸ்புக் போன்றவற்றுக்கென்று விற்கப்படும் தனிப் பொதிகள் விளையாட்டுச் செயலிகளுக்குச் செல்லாது. அன்லிமிட்டட் என்று பெயரிட்ட பொதியாக இருந்தால், குறிப்பிட்ட அளவுக்குப் பின் வேகம் எந்த அளவுக்குக் குறைக்கப்படும் என்ற வரியை வாசியுங்கள். 2 மெகாபிட்டுக்கு இறங்கினால், பந்து எங்கே போகிறது என்று தேட வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: போட்டி நேரத்தில் இணைப்பைச் சோதியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

காலை பத்து மணிக்கு வேகச் சோதனையில் 40 மெகாபிட் காட்டும் 4ஜி இணைப்பு, சனிக்கிழமை இரவு 8 மணிக்கு 4 மெகாபிட்டுக்கு இறங்குவது அபூர்வமல்ல. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அந்த ஊரில் அந்த நேரம் பயன்படுத்தும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நோன்புப் பெருநாள் இரவில் காத்தான்குடியிலும், கோயில் திருவிழாக் காலத்தில் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் இது இன்னும் மோசமாகும். ஆகவே நீங்கள் பார்க்கப்போகும் போட்டிகள் எந்த நாளில் எந்த மணிக்கு வருகின்றனவோ, அதே நாளில் அதே மணிக்குச் சோதிக்க வேண்டும்.

வேகச் சோதனை செயலி காட்டும் எண் சில வினாடிகளின் எண் மட்டுமே. அதைவிட நல்ல சோதனை இது: யூடியூப்பில் ஏதாவது ஒரு நேரலையைத் திறந்து, தரத்தைத் தானியங்கி என்பதிலிருந்து மாற்றி 1080இல் நிறுத்தி, தொலைக்காட்சியில் முழுதாக ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். வீட்டில் மற்றவர்கள் வழமைபோலத் தமது கைத்தொலைபேசிகளைப் பயன்படுத்தட்டும். ஓரிரு சனிக்கிழமைகளில் இப்படிச் செய்து, ஒரு மணி நேரத்தில் படம் நிற்காமல் ஓடினால் உங்கள் இணைப்பு தேறிவிட்டது. 1080இல் தடைபட்டு, 720இல் தடையின்றி ஓடினால் அதுவும் போதும். 720இலேயே நின்று நின்று ஓடினால், இணைப்பைச் சரிசெய்யும்வரை டிஷ்ஷைத் தொட வேண்டாம்.

இணைப்பு வகைகளில் பைபர் கிடைக்கும் இடத்தில் அதற்கு நிகர் வேறில்லை. மழை அதைப் பாதிப்பதில்லை. முன்னிரவு நெரிசலையும் அது 4ஜியைவிட நன்றாகத் தாங்கும். பைபர் வழியாக வரும் பியோ டீவி, வழமையான இணைய டேட்டாவில் கழியாமல் தனி வழியில் வருவதால், டேட்டாக் கணக்கைப் பார்த்துப் பயப்படுவோருக்கு டிஷ்ஷுக்கும் செயலிக்கும் இடைப்பட்ட நல்ல தெரிவு. பழைய செம்புக் கம்பி இணைப்பு, தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட மெலிந்துபோகும். பைபர் எட்டாத வீடுகளுக்கு 4ஜி அல்லது 5ஜி ரவுட்டரே வழி. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் கோபுரம் தூரத்தில் இருக்கும் கிராமங்களில் எந்த நிறுவனத்தின் சிக்னல் பலம் என்பது வீட்டுக்கு வீடு மாறும். புதிய ரவுட்டர் வாங்குமுன் அக்கம்பக்கத்தாரின் வெவ்வேறு சிம்களைக் கைத்தொலைபேசியில் போட்டு, இரவு நேரத்தில் உங்கள் கூடத்திலேயே சோதித்துப் பாருங்கள். 2025 ஜூலை முதல் ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையம் இலங்கையில் கிடைக்கிறது. எந்தக் கோபுரமும் எட்டாத இடத்துக்கு அது உதவும். ஆனால் உதைபந்தாட்டத்துக்காக மட்டும் அதை எடுப்பது கையைக் கடிக்கும், கனமழையில் அதுவும் தடுமாறக்கூடியது.

நான்காம் படி: ரவுட்டரை வைக்கும் இடம்

4ஜி பயன்படுத்துவோர் இந்தப் படியில் செலவில்லாமலே பெரும் முன்னேற்றம் காணலாம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.8.1 அல்லது 192.168.1.1 போன்ற முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். அதை உலாவியில் தட்டினால் ரவுட்டரின் உள்பக்கம் திறக்கும். சிக்னல் விவரத்தில், கோபுர சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைத் தேடுங்கள். அது மறை எண்ணாக இருக்கும். -80க்கு அருகில் இருந்தால் மிக நன்று, -90 வரை நன்று, -100ஐத் தாண்டினால் பலவீனம். ஆரையம்பதியில் உறவினர் ஒருவரின் வீட்டில் தொலைக்காட்சிக்குப் பின்னால், கொங்கிறீட் தட்டின் அடியில் ரவுட்டர் இருந்தபோது -108 என்று காட்டிய எண், அதைக் கோபுரம் இருக்கும் திசையிலுள்ள யன்னல் விளிம்புக்கு மாற்றியதும் -94க்கு வந்தது. அதே சிம், அதே பொதி. நின்று நின்று ஓடிய படம் தடையின்றி ஓடத் தொடங்கியது. ஆகவே நிறுவனத்தை மாற்றுவதற்கு முன் யன்னலை மாற்றிப் பாருங்கள். வீட்டைச் சுற்றித் தென்னைகள் அடர்ந்திருந்தால் மேல்மாடி யன்னலும், அதுவும் போதாவிட்டால் ரவுட்டரில் பூட்டக்கூடிய வெளி அன்டெனாவும் கைகொடுக்கும். வெளி அன்டெனா வாங்குமுன் உங்கள் ரவுட்டரின் பின்பக்கத்தில் அதற்குரிய துளை இருக்கிறதா என்று பாருங்கள்; எல்லா ரவுட்டரிலும் இல்லை.

ரவுட்டர் யன்னலோரம் போனால் தொலைக்காட்சிக்கு வைபை குறையுமே என்று கேட்கலாம். ஒரு லான் வயரை ரவுட்டரிலிருந்து தொலைக்காட்சிக்குச் சுவரோரமாக இழுத்துவிடுவதே சிறந்த விடை. வயர் இழுக்க முடியாவிட்டால், தொலைக்காட்சியை 5 கிகாஹேர்ட்ஸ் வைபையில் இணையுங்கள். ஒரே அறையிலோ அடுத்த அறையிலோ அது வேகமாகவும் அயலாரின் வைபையோடு மோதாமலும் இருக்கும். இரண்டு தடித்த சுவர்களைத் தாண்ட வேண்டுமென்றால் மட்டும் 2.4க்குப் போங்கள்.

ஐந்தாம் படி: கருவி

ஆண்ட்ராய்ட் டிவி, கூகுள் டிவி, டைசன், வெப்ஓஎஸ் ஆகியவற்றில் இயங்கும் ஸ்மார்ட் தொலைக்காட்சி இருந்தால், வேறெதுவும் வாங்காமல் உங்களுக்கு வேண்டிய செயலி அதன் கடையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செயலி இல்லாவிட்டாலும், எச்டிஎம்ஐ துளையுள்ள சாதாரணத் தொலைக்காட்சியாக இருந்தாலும், அந்தத் துளையில் செருகிச் செயலிகளை இயக்கும் ஒரு ஸ்டிக் போதும். ஸ்டிக்கைத் தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையிலிருந்து இயக்காமல் அதனுடன் வரும் அடப்டரிலிருந்தே இயக்குங்கள். மின்சாரம் போதாமல் நடுப் போட்டியில் அது தானாக நின்று மறுபடி தொடங்குவது பலர் வீட்டில் இணையத்தின் மேல் சுமத்தப்படும் பழி.

பஜாரில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்ட் பெட்டிகளை வாங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். அதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒளிபரப்பாளர்கள் தமது படத்தை வைட்வைன் என்ற பூட்டால் பாதுகாக்கிறார்கள். அந்தப் பூட்டின் எல்1 சான்றிதழ் இல்லாத பெட்டிகளில், மாதக் கட்டணத்தை முழுதாகக் கட்டினாலும் பல செயலிகள் 480 தரத்துக்கு மேல் படம் தராது. மற்றையது இன்னும் கடுமையானது: இத்தகைய பெட்டிகள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே தீங்கு மென்பொருள் ஏற்றப்பட்டிருந்தது கண்டறியப்பட்டு, பாட்பொக்ஸ் 2.0 எனப்படும் அந்தத் தாக்குதல் பற்றி 2025 ஜூனில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ பொது எச்சரிக்கை விடுத்தது. வங்கிச் செயலி திறக்கும் அதே வைபையில் அப்படியொரு பெட்டியை இணைப்பது ஆபத்து.

ஆயிரக்கணக்கான அலைவரிசைகள் வருடத்துக்கு ஒரு சிறு தொகைக்கு என்று உரிமமின்றி விற்கப்படும் ஐபிடிவி (இணையவழித் தொலைக்காட்சி) இணைப்புகளும், டெலிகிராமில் போட்டி தொடங்கும் நேரம் பகிரப்படும் இணைப்புகளும் இதே வகை. அவை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு முரணானவை. பெரிய போட்டி நாளில் உரிமையாளர்கள் அவற்றைத் தேடித் தேடி மூடுவதால், உங்களுக்கு மிகவும் வேண்டிய நாளில்தான் அவை நின்றுபோகும். பணத்தைத் திருப்பிக் கேட்க ஆளும் இருக்கமாட்டார்.

ஆறாம் படி: கட்டணம்

இலங்கை நிறுவனங்களின் செயலிகளுக்கு மாதக் கட்டணத்தைத் தொலைபேசிப் பில்லோடு சேர்க்கவோ ரீலோட்டிலிருந்து கழிக்கவோ பெரும்பாலும் வசதி உண்டு. வெளிநாட்டுச் சேவைக்கு வங்கி அட்டை வேண்டும். சாதாரண டெபிட் அட்டையில் இணையவழி வெளிநாட்டுக் கொடுப்பனவு மூடப்பட்டிருக்கலாம்; வங்கியைத் தொடர்புகொண்டு திறக்கச் சொல்ல வேண்டும். முதல் போட்டி நாளன்று இதைச் செய்யலாம் என்று வைத்துக்கொள்ளாமல் ஒரு வாரம் முன்னரே முடித்துவிடுங்கள். டொலரில் அறவிடப்படும் கட்டணம் நாணய மாற்று வீதத்தோடு மாறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரு மாதத் திட்டமே முதலில் நல்லது. மே மாதக் கடைசியில் பருவம் முடிந்ததும் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிட்டு, ஓகஸ்டில் மறுபடி தொடங்கினால், போட்டியே இல்லாத மாதங்களுக்குப் பணம் போகாது.

மொத்தச் செலவை ஒப்பிடும்போது டிஷ் உங்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதை நினைவில் வையுங்கள். அம்மம்மா பார்க்கும் மாலைத் தொடர்களும், அப்பா பார்க்கும் இரவுச் செய்தியும் அதே டிஷ்ஷில்தான் வருகின்றன. அவற்றுக்கு வழி செய்யாமல் டிஷ்ஷை எடுத்தால் வீட்டில் அமைதி இருக்காது. அவற்றையும் இணையத்தில் பார்த்தால் டேட்டா பன்மடங்கு கூடும். பல வீடுகளுக்கு ஏற்ற முடிவு, விளையாட்டுப் பொதியை மட்டும் நீக்கி டிஷ்ஷை மிகக் குறைந்த பொதிக்கு இறக்குவதும், உதைபந்தாட்டத்தை இணையத்துக்கு மாற்றுவதும்தான்.

ஏழாம் படி: போட்டி இரவு

இணைய நேரலை, மைதானத்தில் நடப்பதைவிட 20 முதல் 60 வினாடி வரை பிந்தி வரும். படத்தைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி, அவற்றில் சிலவற்றை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டு காட்டுவதால்தான் இணைப்பு ஒரு கணம் தளர்ந்தாலும் படம் நிற்பதில்லை. அதன் விலை இந்தத் தாமதம். பக்கத்து வீட்டில் டிஷ்ஷில் பார்ப்பவர்கள் கோல் என்று கத்தும்போது உங்கள் திரையில் பந்து இன்னும் நடுக்கோட்டில் இருக்கும். அயலாரை அடக்க முடியாது. ஆனால் கைத்தொலைபேசியில் வரும் கோல் அறிவிப்புகளையும் வட்ஸ்அப் குழுக்களையும் ஆட்டம் முடியும்வரை மௌனமாக்கலாம். படத்தை இடையில் நிறுத்தி வைத்திருந்தால் தாமதம் மேலும் கூடும் என்பதால், திரும்பும்போது நேரலை என்ற பொத்தானை அழுத்துங்கள்.

போட்டி தொடங்குவதற்குக் கால் மணி முன்பே செயலியைத் திறந்து உள்நுழைந்துவிடுங்கள். ஆரம்ப விசில் ஊதும் நிமிடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைவதால் கடவுச்சொல் பக்கமே திறக்காமல் தவிக்க நேரிடும். மற்றக் கருவிகளின் தானியங்கி மென்பொருள் புதுப்பித்தல்களையும் புகைப்படப் பதிவேற்றங்களையும் அந்த இரண்டு மணி நேரம் நிறுத்திவையுங்கள்.

மின்தடைக்கு ஆயத்தம் இல்லாமல் மாரியில் இணையத்தை நம்ப முடியாது. ரவுட்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்கி 12 வாட் அளவே எடுப்பதால், அவற்றுக்கென்று விற்கும் 10,000 மில்லியம்பியர் சிறிய யூபிஎஸ் ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஒரு போட்டிக்கு அது சரியாக இருக்கும். வாங்கும்போது ரவுட்டர் அடப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் அம்பியரும் யூபிஎஸ்ஸின் வெளியீட்டோடு பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். தொலைக்காட்சி அணைந்தாலும் கைத்தொலைபேசியில் தொடரலாம். ஊர் முழுதும் நெடுநேரம் மின்சாரம் இல்லாவிட்டால் கோபுரத்தின் பற்றரியும் தீர்ந்துவிடும். அந்த இரவில் இணையமும் கைவிடும்.

எட்டாம் படி: பழைய இணைப்பை முடித்தல்

குறைந்தது ஒரு மாதமாவது இரண்டையும் சேர்த்து வைத்திருங்கள். அந்த மாதம் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் அமைந்தால் இன்னும் நல்லது; மழையும் மின்தடையும் நெருக்கமான போட்டிகளும் ஒன்றாக வரும்போது தாங்கும் இணைப்பு மற்ற மாதங்களிலும் தாங்கும். அந்த மாதத்தில் டிஷ்ஷை எத்தனை முறை தேடிப் போனீர்கள் என்பதே உங்கள் விடை.

துண்டிக்க முடிவுசெய்தால், வாடிக்கையாளர் நிலையத்துக்கு நேரில் போய் எழுத்தில் கொடுங்கள். கட்டணம் செலுத்தாமல் விட்டுவிட்டால் தானாக நின்றுவிடும் என்று நினைப்பது பில்முறை இணைப்புக்குப் பொருந்தாது. நிலுவை ஏறிக்கொண்டே போகும். பெட்டி நிறுவனத்துடையதா உங்களுடையதா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்து, அவர்களுடையதென்றால் திருப்பிக் கொடுத்து இலக்கமிட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள்; வைப்புப்பணம் கட்டியிருந்தால் அதையும் கேளுங்கள். ஊர்க் கேபிள் இணைப்பு என்றால் மாதம் தோறும் பணம் வாங்க வரும் அண்ணனிடமே முன்கூட்டிச் சொல்லி, அந்த மாதத்துக் கணக்கைத் தீர்த்துவிடுவது மரியாதை. மறுபடி வேண்டுமென்றாலும் அவர்தான் வருவார். தரைவழி அலைவரிசைகளை வாங்கும் பழைய கூரை அன்டெனாவைக் கழற்ற வேண்டாம். அது மாதக் கட்டணம் கேட்பதில்லை. டிஷ்ஷைத் தாங்கிய ஆணித் துளைகளையும், கேபிள் உள்ளே வந்த சுவர்த் துளையையும் சீமெந்தோ சிலிக்கனோ வைத்து மழைக்கு முன் அடைத்துவிடுங்கள். ஓடும் அஸ்பெஸ்டசும் போட்ட கூரைகளில் அந்த வழியாகத்தான் முதல் மழையிலேயே தொலைக்காட்சிக்குப் பின்னால் உள்ள சுவர் நனையும்.